கூடையைக் கொஞ்சம் பிடி, தம்பி

கேள்வி:

மேடம், எனக்கு வயது 43. திண்டுக்கல் பக்கம் ஒரு சிறு நகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருநாள் இரவு ஏழரை மணி வாக்கில் டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். எனக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. பக்கத்தில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். 19, 20 வயது இருக்கும். பின்னால் நின்ற ஆள் அவள்மேல் சாய்ந்து உரசிக்கொண்டே வந்தான். பஸ் ஆடாத நேரத்திலும் சாய்ந்தான். அவள் நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். ஒரு கட்டத்தில் அவள் நேராக என் முகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு ஸ்டாப் தாண்டி அவள் இறங்கிவிட்டாள். அது அவள் இறங்கும் இடமாக இருக்காது. அங்கே வீடே கிடையாது, கல்குவாரிக்குப் போகும் பாதைதான்.

அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. மனைவியிடம் சொன்னேன். "நல்லவேளை நீங்க வாயைத் திறக்கலை. அவன் கத்தி வச்சிருந்தா நாங்க என்ன பண்றது?" என்றாள். எங்களுக்கு 13 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்கலாமா? ஐடி கார்டில் கல்லூரிப் பெயரைப் பார்த்தேன்.

இன்னொன்று. எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்தில் பெண்கள் பாதுகாப்புக்காக ஒரு கூட்டம் போடுகிறார்கள். கேமரா வைப்பது, பெண் பிள்ளைகள் எட்டு மணிக்குள் வீடு திரும்புவது, இதெல்லாம் அஜெண்டா. நான் துணைச் செயலாளர் என்பதால் என்னைப் பேசச் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா? பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

எளிதான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பெண்ணைத் தேடிப் போகாதீர்கள். அன்றைக்கு முன்பின் தெரியாத ஓர் ஆள் அவளை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தான். இப்போது முன்பின் தெரியாத இன்னோர் ஆள் அவள் ஐடி கார்டைப் படித்து வைத்துக்கொண்டு கல்லூரி வாசலில் வந்து நின்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? நீங்கள் மன்னிப்போடு போவீர்கள், அவள் பயத்தோடு திரும்புவாள். பாரம் இறங்குவது உங்களுக்கு மட்டும்தான். இதைக் கொஞ்சம் சுமந்துகொண்டே இருங்கள். அடுத்த முறை பஸ் ஏறும்போது உதவும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். "பஸ் ஆடாத நேரத்திலும் சாய்ந்தான்." இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததோடு, இது தெரியாமல் பட்டதில்லை, வேண்டுமென்றே செய்வது என்றும் கண்டுகொண்டீர்கள். அதற்கு அடுத்த படியில்தான் கால் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று நான் ஊகிக்கிறேன், தப்பென்றால் சொல்லுங்கள். "தட்டிக் கேட்பது" என்றதும் நம் எல்லார் மனதிலும் ஓடுவது ஒரே காட்சிதான். சட்டையைப் பிடிக்க வேண்டும், பளாரென்று அறைய வேண்டும், மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்க வேண்டும். நாள் பூரா கடையில் நின்றுவிட்டு, மடியில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருக்கும் 43 வயது மனிதருக்கு அந்த வேடம் பொருந்தாது. அது நம்மால் ஆகாது என்றால் மிச்சமிருப்பது குனிந்து போனைப் பார்ப்பது மட்டும்தான் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஏகப்பட்ட இடம் இருக்கிறது. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு பூக்காரம்மா.

1984 என்று நினைவு. நான் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் போகும் பஸ். எங்கள் தலைமுறைப் பெண்கள் தாவணியில் கூடுதலாக ஒரு சேப்டி பின் குத்திக்கொண்டுதான் பஸ் ஏறுவோம். எதற்கு என்று பெண்களுக்குத் தெரியும். அன்றைக்கு அதை எடுக்கக்கூட கை வரவில்லை. உடம்பு மரத்துப்போய் நின்றேன். கீழே கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா மெல்ல எழுந்தார். எனக்குப் பின்னால் நின்றவனிடம் ரொம்பச் சாதாரணமாக, "தம்பி, கூடையைக் கொஞ்சம் பிடி, கால் மரத்துப்போச்சு" என்று சொல்லி அவன் நெஞ்சோடு கூடையைத் திணித்தார். பெரிய கூடை, இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். அவன் பிடித்தான். பூக்காரம்மா எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்று, சேலையை உதறிச் சரிசெய்தார். பிறகு, நான் எங்கே படிக்கிறேன், வீட்டில் எத்தனை பேர் என்று விசாரிக்க ஆரம்பித்தார். திருமங்கலம் வரை கூடை அவன் கையிலேயே இருந்தது. கண்டக்டருக்குக்கூட ஒன்றும் தெரியாது.

இப்போது இதையெல்லாம் ஒரு பாடமாக வகுத்து, கவனத்தைத் திருப்புவது, வேறொருவரை அழைப்பது, பதிவு செய்வது, பிறகு போய் விசாரிப்பது, நேராகக் கேட்பது என்று ஐந்து வழியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் கல்லூரிகளில் அதைத்தான் வகுப்பெடுக்கிறேன். ஆனால் வகுப்பு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடைதான் கண்ணுக்கு வரும். அந்த அம்மா அவனைத் திருத்தப் போகவில்லை, அவனோடு வழக்காடவும் இல்லை. அவர் வந்தது என்னிடம். நாமோ இப்படி ஒன்றைப் பார்த்ததும் கண்ணையும் கோபத்தையும் பயத்தையும் மொத்தமாக அவன்மேல் வைத்துவிடுகிறோம். 'அவனை என்ன செய்யலாம்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமல் உறைந்துபோகிறோம். 'அவளுக்கு இப்போது என்ன வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள், பதில் உடனே வரும். ஓர் அடி இடம் வேண்டும். தெரிந்த முகம் போல ஒரு முகம் வேண்டும்.

உங்களிடம் அன்றைக்கு இரண்டுமே இருந்தன. நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்! எழுந்து, "இங்க உட்காரும்மா, நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கணும்" என்று சொல்லியிருந்தால் போதும். அவள் உட்கார்ந்திருப்பாள், அவள் நின்ற இடத்தில் நீங்கள் நின்றிருப்பீர்கள். பிறகு அவன் உங்கள்மேல் சாய்ந்துகொண்டு வரட்டுமே. அடுத்த ஸ்டாப்பில் இறங்காவிட்டால் யாரும் உங்களிடம் கணக்குக் கேட்கப் போவதில்லை.

"ஒருவேளை நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால்?" என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். கூட்ட பஸ்ஸில் யார் மேலும் யாரும் படத்தான் செய்வார்கள். அதனால்தான் இந்த வழி எனக்குப் பிடிக்கிறது. உங்கள் கணிப்பு தப்பாகவே இருக்கட்டும், என்ன நஷ்டம்? நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு உட்கார இடம் கிடைத்தது, அவ்வளவுதானே. யார்மேலும் பழி போடவில்லை, சாட்சி தேட வேண்டியதில்லை.

மற்றவர்கள் ஏன் பேசவில்லை என்றும் யோசித்திருப்பீர்கள். 1968இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனித்தனி அறைகளில் உட்கார்ந்து மைக் வழியாகப் பேசிக்கொள்ளும் ஒரு ஏற்பாடு. திடீரென்று ஒரு குரல் வலிப்பு வந்தது போலத் திணறுகிறது. அதைத் தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்துவிட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் எழுந்தது 31 சதவீதம்தான். வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அப்படி. நேரில் கூடியிருக்கும் கூட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். எல்லா முகமும் அமைதியாக இருப்பதால், ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது என்று தேற்றிக்கொள்கிறார்கள். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்த்தும் இரண்டு பேர் அப்படித் தேற்றிக்கொண்டிருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, மனிதர்களே இப்படித்தான் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கேமராப் பதிவுகளில் 219 தெருச் சண்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது சண்டைகளில் யாராவது ஒருவராவது குறுக்கே புகுந்திருந்தார். ஆள் கூடக் கூட, யாராவது வருவதற்கான வாய்ப்பும் கூடியது. இரண்டு ஆய்வும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருச் சண்டை எல்லார் கண்ணிலும் காதிலும் விழுகிறது. பஸ்ஸில் நடக்கும் இந்த அசிங்கத்துக்குச் சத்தமே கிடையாது. பார்த்தவர் சத்தம் கொடுத்தால்தான் அது மற்றவர்களுக்கு நிகழ்வாகிறது. அதற்குக் கத்த வேண்டியதில்லை. பொதுவாக "யாராவது கேளுங்கப்பா" என்றால் ஒருவரும் அசையமாட்டார்கள். "ஊதாச் சட்டை அண்ணே, கொஞ்சம் கண்டக்டரைக் கூப்பிடுங்க", "அம்மா, இந்தப் பொண்ணுக்கு உங்க பக்கத்துல இடம் கொடுங்க" என்று ஆளைக் குறித்துச் சொல்லுங்கள். குறித்துச் சொன்னால் அநேகமாகச் செய்வார்கள்.

கண்டக்டரைக் கூப்பிடுவதில் இன்னொரு பலம் இருக்கிறது. 1998இல் சென்னையில் ஆட்டோவில் வந்த ஒரு கும்பலின் சீண்டலில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் ஈவ் டீசிங்குக்கு எதிராகத் தனிச்சட்டம் வந்தது. பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம் என்று இன்று சொல்வது அதைத்தான். 2025இல் அதன் தண்டனைகளைக் கூட்டினார்கள். ஓடும் பஸ்ஸில் இப்படி நடந்து, பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால் பஸ்ஸைப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2022இல் திருத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முறைத்துப் பார்ப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, பாட்டுப் பாடிச் சீண்டுவது போன்றவற்றைச் செய்யும் ஆண் பயணியை எச்சரிக்கையை மீறினால் கண்டக்டர் இறக்கிவிடலாம், வழியில் உள்ள ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். கண்டக்டர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இதைச் சொன்னால் பாதிப்பேர், "தெரியும் மேடம், ஆனா பயணிகளே கூட நிக்க மாட்டேங்கிறாங்க" என்பார்கள். "சீக்கிரம் எடுங்கப்பா, வீட்டுக்குப் போகணும்" என்று கத்துவது யார்? நாம்தான். கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தும்போது, "பரவாயில்லண்ணே, நாங்க வெயிட் பண்றோம்" என்று சொல்வதும் உதவிதான். அதற்குத் தைரியமே தேவையில்லை, பத்து நிமிஷம் தாமதமாகும், அவ்வளவுதான்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் 1999இல் ஒரு போலீஸ்காரரே ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்ததாக எழுந்த வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012 நவம்பரில் வந்த அந்தத் தீர்ப்பில் அரசுக்கும் பஸ் ஊழியர்களுக்கும் பல கட்டளைகள் இட்ட நீதிமன்றம், அந்த வழியாகப் போகிறவர்களையும் விடவில்லை. பார்த்தவர்கள் போலீஸுக்கோ பெண்கள் உதவி எண்ணுக்கோ தெரிவிக்கும் பொறுப்பு உடையவர்கள் என்றது. 112ம் 181ம் உங்கள் போனில் இருக்கட்டும். அன்றைக்குப் போனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குத்திக்காட்டவில்லை. அதே போனில், குனிந்த தலை நிமிராமலே, அழைத்திருக்கலாம் என்கிறேன்.

உங்கள் மனைவி சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் பயம் பொய்யில்லை. ஆள் போதையில் இருந்தால், நாலைந்து பேர் கும்பலாக இருந்தால், ஆளரவமற்ற இடமாக இருந்தால் நேரே போய் நிற்காதீர்கள். விலகி நின்று 112ஐ அழைப்பதும் ஆள் சேர்ப்பதும்தான் அப்போது சரி. ஆனால் வெளிச்சமுள்ள, ஐம்பது பேர் நிற்கும் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்ததற்காகக் கத்திக்குத்து விழும் என்று அவர் உண்மையிலேயே நினைக்கமாட்டார். இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள். அவரும் பஸ்ஸில் போகிறவராகத்தான் இருப்பார். அவரிடம் உங்களைவிட நிறையக் கதை இருக்கும்.

இப்போது நான் கொஞ்சம் கோபமாகப் பேச வேண்டிய விஷயம். தர்ம அடி. இந்தக் காலத்தில் மௌனத்துக்கு மாற்று என்று பலர் நினைப்பது அதைத்தான். நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடுமாம். நான் பார்த்தவரை, அடி விழும்போது அந்தப் பெண்ணை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அவள் ஓர் ஓரத்தில் அழுதுகொண்டு நிற்பாள், நாலு பேர் அவளையும் சேர்த்து வீடியோ எடுப்பார்கள். அடியும் ஆள் பார்த்துத்தான் விழுகிறது. வடநாட்டுக்காரப் பையன், பரதேசி, நம் சாதி இல்லாதவன் என்றால் கை நீளும். உள்ளூர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை என்றால் "விடும்மா, பெருசு பண்ணாத" என்று அவளுக்கு அறிவுரை வரும். பிறர் உடம்புக்கு வரும் ஆபத்தைத் தடுக்கச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது, தப்பி ஓடுபவனைப் பிடித்து ஒப்படைக்கவும் இடமிருக்கிறது. பிடித்து வைத்து அடிக்க இல்லை.

வீடியோ பற்றியும் ஒரு வார்த்தை. வேறு யாராவது ஏற்கெனவே உதவிக்குப் போயிருந்தால் மட்டும் எடுங்கள். எடுத்ததை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள், என்ன செய்வதென்று அவள் முடிவு செய்யட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "ஷேர் பண்ணுங்க" என்று கிளப்பிவிடாதீர்கள். பாலியல் வல்லுறவுக்கு ஆளானவரையோ, பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையையோ அடையாளம் தெரியும்படி வெளியிடுவது சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், தன் வாழ்க்கையின் மோசமான இரண்டு நிமிஷம் ஊரார் போனில் சுற்றுவதை யார் விரும்புவார்?

எல்லாம் முடிந்தபிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதைத்தான் மக்கள் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். அவள் இறங்கும் சமயத்தில், நெருங்காமல், தொடாமல், "நான் பார்த்தேம்மா. உன் மேல தப்பு இல்ல. யாரையாவது கூப்பிடணுமா?" என்று கேட்பது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த பெண்களில் பலர், அவன் செய்ததை எத்தனை அடித் தொலைவில் யார் யார் பார்த்தார்கள் என்பதை வருஷக்கணக்கில் நினைவு வைத்திருக்கிறார்கள். "அந்த டீச்சர் பார்த்தாங்க. பார்த்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க" என்பார்கள். அவள் புகார் கொடுக்க விரும்பினால் கூடப் போங்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள். சாட்சியாக இரண்டு மூன்று தடவை அலைய வேண்டி வரலாம், அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால், "அது எங்க எல்லை இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அவள் புகார் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

சரி, சங்கக் கூட்டத்துக்கு வருவோம்.

கேமரா வேண்டாம் என்று சொல்லமாட்டேன், வையுங்கள். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவு, அண்டை வீடு, காதலன், வேலை தருபவர். கேமரா தெருவைத்தான் பார்க்கும், வீட்டுக்குள் பார்க்காது. அப்புறம் அந்த எட்டு மணி விஷயம். அதை அஜெண்டாவிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் எல்லா ஆண்களும் எட்டு மணிக்குள் வீடு திரும்புவது என்று ஒரு திருத்தம் கொடுத்துப் பாருங்கள், சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பக்கம் நூற்பாலை ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் இருப்பார்கள், ஆஸ்பத்திரி நைட் டியூட்டிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். எட்டு மணிக்கு மேல் மற்ற பெண்கள் எல்லாரும் தெருவிலிருந்து மறைந்துவிட்டால், மிச்சமிருக்கும் இவர்களுக்குத்தான் அந்தத் தெரு இன்னும் மோசமாகும்.

அதற்குப் பதில் ஒரு வேலை செய்யலாம். 1989இல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கிய வழக்கம் இது. பிறகு டெல்லியில் ஜாகோரி என்ற பெண்கள் அமைப்பு நிறையச் செய்தது. இருட்டியபின் பெண்கள் முன்னால் நடப்பார்கள், எந்த இடத்தில் நடையை எட்டிப் போடுகிறார்கள், எந்தச் சந்தைச் சுற்றிப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள். சங்கத்து ஆண்கள் நோட்டோடு பின்னால் நடந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டாம். சங்க உறுப்பினர்களின் மனைவிமாரை மட்டும் கூப்பிடாமல், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், சித்தாள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிடுங்கள். எரியாத டியூப் லைட், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மண்டிய கருவேலம் புதர், ஸ்டாப்பைத் தாண்டி இருட்டில் போய் நிற்கும் கடைசி டவுன் பஸ் என்று ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் நிரம்பிவிடும். கவுன்சிலரிடம் கொடுக்க அந்தப் பட்டியல் போதும்.

பட்டியலில் வராத ஓர் இடம் டீக்கடை பெஞ்சு. அங்கே போகிற வருகிற பெண்களைப் பற்றி ஒருவர் ஏதாவது சொல்வார், நாலு பேர் சிரிப்பார்கள். பஸ்ஸில் அன்றைக்கு உரசியவனும் ஏதோ ஒரு பெஞ்சில் அந்தச் சிரிப்பைக் கேட்டு, இதெல்லாம் சகஜம் என்று தெரிந்துகொண்டவன்தான். நண்பர்களிடம் சண்டை போடச் சொல்லவில்லை. "புரியலையேப்பா, இதுல என்ன காமெடி?" என்று நிஜமாகவே புரியாதவர் போலக் கேளுங்கள். ஜோக்கை விளக்கச் சொன்னால் யாராலும் முடியாது. வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே கேள்வி நன்றாக வேலை செய்கிறது.

பக்கத்து வீட்டிலிருந்து அடிதடிச் சத்தம் வரும்போது, அது புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று கதவைச் சாத்திக்கொள்வதும் இதே மௌனம்தான். அமெரிக்காவில் 1976இல் வெளியான ஒரு சோதனையில், நடிகர்களைக் கொண்டு ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவது போல நடத்திக் காட்டினார்கள். "நீ யாரென்றே எனக்குத் தெரியாது" என்று அவள் கத்தியபோது பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். "உன்னைக் கட்டிக்கொண்டேனே" என்று கத்தியபோது 19 சதவீதம். அடி ஒரே அடிதான். நம் நாட்டில் 2008இல் தொடங்கிய 'பெல் பஜாவோ' இயக்கம் சொன்ன வழி எளிது. போய் அந்த வீட்டு பெல்லை அடியுங்கள். கதவைத் திறந்தால் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லுங்கள். யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று உள்ளே இருக்கும் இருவருக்கும் தெரிந்துவிடும். பூக்கூடையின் தம்பிதான் இந்த பெல்.

ஒன்றை மட்டும் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளானது 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால், தெரிந்தவர் எவரும் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். சொல்லாமல் மறைத்தால் தண்டனை உண்டு. நல்ல எண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். "ரெண்டு குடும்பத்தையும் உட்கார வச்சுப் பேசி முடிச்சிரலாம், பொண்ணு எதிர்காலம் பாழாயிரும்" என்று சங்கப் பெரியவர் யாராவது ஆரம்பிப்பார். அந்த வேலை சங்கத்துக்கு வேண்டாம்.

தகுதி இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த பஸ் கதையிலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள். இடம், கல்லூரி, அவள் அடையாளம் எதுவும் சொல்லாமல், "நான் போனைப் பார்த்தேன்" என்பதை மட்டும் சொல்லுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்களில் அப்படி ஒரு பஸ் இல்லாதவர் ரொம்பக் குறைவு. போலீஸ் அதிகாரி வந்து ஒரு மணி நேரம் பேசினாலும் அவர்கள் நெளியமாட்டார்கள், இதற்கு நெளிவார்கள்.

அதற்கு முன்னால் உங்கள் மகளிடம் பேசிவிடுங்கள். அறிவுரையாக வேண்டாம். அவள் ஸ்கூலுக்கு எப்படிப் போகிறாள், பஸ்ஸில் எந்தப் பக்கம் நிற்பாள், தோழிகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். 13 வயதில் அவளுக்கு ஏற்கெனவே ஏதாவது தெரிந்திருக்கும். பெண் பிள்ளைகள் அப்பாவிடம் இதையெல்லாம் ஏன் சொல்வதில்லை என்று என்னிடம் வந்த பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே பதில்தான். சொன்னால் டியூஷனை நிறுத்திவிடுவார், சைக்கிளைப் பிடுங்கிவிடுவார். அதனால், என்ன சொன்னாலும் எதையும் நிறுத்தமாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் காப்பாற்றுங்கள். அவள் கேட்டால் அந்த பஸ் கதையையும் சொல்லலாம். "அப்பா ஏன்ப்பா எழுந்திருக்கல?" என்று கேட்பாள். தெரியலைம்மா, பயமா இருந்தது என்று உண்மையையே சொல்லுங்கள்.

பெயரைப் போடவில்லை, ஊரையும் மாற்றிவிட்டேன். கூட்டம் எப்படிப் போனது, அந்த எட்டு மணித் தீர்மானம் என்ன ஆனது என்று எழுதுங்கள்.